எங்கேதான் ஓடுவது?

போலீஸுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் வந்தால் போதும், தெருவில் இருக்கும் அத்தனை பேரும் புத்தி சொல்லக் கிளம்பிவிடுகிறார்கள். "இப்பவே ஓட ஆரம்பிச்சிடு." "ராத்திரி சோத்தை நிறுத்து." "காவடிக்கு இருக்கிற மாதிரி விரதம் இரு, தானா இளைச்சிடுவே." சரி, ஓடச் சொல்கிறீர்களே, எங்கே ஓடுவது? எத்தனை மணிக்கு ஓடுவது? இதற்குப் பதில் சொல்ல ஒரு ஆள் கிடையாது. என் தங்கச்சிக்காக இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துப்போய்விட்டது.

நாங்கள் இருப்பது டர்பனில், இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில். தங்கச்சிக்குப் போலீஸில் சேர ஆசை. தென்னாப்பிரிக்கப் போலீஸ் பயிற்சிக்கு மெட்ரிக், அதாவது இங்கே பன்னிரண்டாம் வகுப்பு, பாஸாகியிருக்க வேண்டும். உடல் எடைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., 30க்குள் இருக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 102 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 88க்குள். அப்புறம் உடல் தகுதி, மருத்துவம், மனநிலை என்று வரிசையாகத் தேர்வுகள். இந்த விதிகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. திருடனைத் துரத்த வேண்டியவருக்கு மூச்சு இருக்கத்தான் வேண்டும். நம்மவர்களுக்குக் கை கால் ஒல்லியாக இருந்தாலும் கொழுப்பு வயிற்றில்தான் போய்ச் சேரும், சர்க்கரையும் சீக்கிரம் வரும் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கே சர்க்கரை. அதனால் அந்த 88ஐத் தங்கச்சி வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றி வைப்பார். டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து நல்ல எண்ணாகச் சொல்லிவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. அவள் விடமாட்டாள். "இழுக்காதீங்கம்மா, உள்ளபடி அளங்க. அங்க வந்து நீங்களா அளக்கப் போறீங்க?" என்பாள். இவ்வளவு நேர்மையாக ஒரு வேலைக்குத் தயாராகும் பிள்ளைக்கு இந்த ஊர் என்ன கொடுக்கிறது?

இருட்டைக் கொடுக்கிறது. அவள் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள், காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. ஜூன் எங்களுக்குக் குளிர்காலம், அப்போது டர்பனில் சூரியன் உதிக்கவே ஏழு மணி ஆகப்போகும், சாயங்காலம் ஐந்தடித்தால் மறைந்துவிடும். வேலைக்குப் போகிற பிள்ளைக்கு ஓடக் கிடைப்பது இரண்டு பக்கமும் இருட்டுதான். எங்கள் தெருவில் விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு எரிவதில்லை. கேபிளைத் திருடிவிட்டார்கள் என்கிறார்கள். புகார் கொடுத்தால் ஒரு எண் தருகிறார்கள். திரும்பப் போன் செய்தால் இன்னொரு எண் தருகிறார்கள். விளக்கை மட்டும் யாரும் தருவதில்லை.

மைதானம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நடந்து போகிற தூரத்தில். கேட்டில் சங்கிலி, சங்கிலியில் கைப்பிடி அகலத்துக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் காவலாளி அலுவலகத்தைக் கை காட்டுகிறார், அலுவலகத்தில் காவலாளியைக் கேட்கச் சொல்கிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடக்கிறது. நம் வரிப்பணத்தில் போட்ட மைதானம் அது!

ஆகவே ரோட்டில்தான் ஓடுகிறாள். 1960களில் நிறவெறி அரசு டர்பனின் மேகசின் பராக்ஸ், கேட்டோ மேனர் என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் நம் இந்திய ஆட்களைக் கிளப்பிக் கொண்டுவந்து இந்த மேடு பள்ளத்தில் வீடுகளை நெருக்கிக் கட்டிக் கொடுத்தது. பல தெருக்களில் ஒதுங்கி நடக்கக்கூட ஓரம் கிடையாது. மினிபஸ் டாக்ஸி வளைவில் வருகிற வேகத்துக்குப் பகலிலேயே பயமாக இருக்கும். அதனால் விடியற்காலையில் அவள் முன்னால் ஓட, நான் பின்னால் காரை முதல் கியரில் உருட்டிக்கொண்டு, ஹெட்லைட் வெளிச்சத்தை அவள் காலடியில் விழவைத்துக்கொண்டு போகிறேன். கேட் இடுக்கில் நாய்கள் பாய்கின்றன. வேலைக்கு நிற்கிற ஆண்களில் சிலர் வாயைத் திறந்தால் காது கூசுகிறது. ஒரு பெண் தன் ஊர்த் தெருவில் அரை மணி நேரம் ஓட அண்ணன் ஒருவன் பெட்ரோல் எரித்துக்கொண்டு காவலுக்குப் போக வேண்டியிருக்கிறது. அண்ணன் இல்லாத பிள்ளை, கார் இல்லாத வீடு என்ன செய்யும்? அவர்கள் போலீஸ் ஆகவே கூடாதா?

"கடற்கரைக்குப் போகலாமே, சனிக்கிழமை பார்க்ரன் நடக்குதே, காசுகூட வாங்கறதில்லை" என்று யோசனை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. பார்க்ரன், அதாவது எல்லாரும் சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் ஓடுவது, நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அது சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. அந்த நேரத்தில் கடை ஷட்டரைத் திறப்பதே இவள்தான். ஜிம்முக்குப் போ என்கிறவர்கள் அவள் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் காம்ரேட்ஸ் ஓட்டம் 1921இல் ஆரம்பித்தது. உலகமே வந்து ஓடுகிறது. அன்றைக்கு ரோட்டை அடைக்க முடிகிறது, தண்ணீர் கொடுக்க முடிகிறது, விடிவதற்கு முன்னாலேயே போலீஸை நிறுத்த முடிகிறது. எங்கள் தெருவில் ஒரு விளக்கு எரியவைக்க மட்டும் முடியாதா?

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் 2012 டிசம்பர் 27, 28 தேதிகளில் நடந்ததை மறந்துவிட்டோமா? போலீஸ்கூட இல்லை, போக்குவரத்து அதிகாரிப் பயிற்சி. இடங்கள் 90. விண்ணப்பம் போட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். தகுதி என்று கூப்பிட்டது சுமார் 34,000 பேரை. இங்கே டிசம்பர் நடுக் கோடை. அந்த நேரத்தில் ஹாரி குவாலா ஸ்டேடியத்துக்கு வரவழைத்து, கொளுத்துகிற வெயிலில் நாலு கிலோமீட்டர் ஓடச் சொன்னார்கள். குறைந்தது ஆறு பிள்ளைகள் செத்துப்போனார்கள். வேலை தேடி வந்த பிள்ளைகள்! உடம்பைப் பழக்கிக்கொள்ள அவர்களுக்கு எந்த மைதானம் திறந்திருந்தது, யார் சொல்லிக் கொடுத்தார்கள், எத்தனை வாரம் கிடைத்தது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். பழகாத உடம்பை வெயிலில் ஒரேயடியாக விரட்டினால் உடல் சூடு ஏறி உறுப்புகள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். கூப்பிட்டவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

அம்மாவுக்கு இன்றைக்கும் அந்தப் பயம்தான். தங்கச்சி ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தால் முதலில் நெற்றியைத்தான் தொட்டுப் பார்க்கிறார்.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. 88ஐ 90 ஆக்குங்கள் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூட மைதானங்களைக் காலையும் மாலையும் இரண்டு மணி நேரம் திறந்துவிடுங்கள். ஒரு காவலாளி, நாலு விளக்கு போதும். என்ன ஓட்டம், எவ்வளவு தூரம், எத்தனை நிமிஷம் என்று மாதக்கணக்கில் முன்னாலேயே சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உடற்பயிற்சி தெரிந்த போலீஸ்காரர் ஒருவராவது இருப்பார். வாரம் ஒரு நாள் இந்தப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பழக்கட்டும். பெண் போலீஸ் போதவில்லை, உள்ளூர் ஆட்கள் வரவேண்டும் என்று மேடை தவறாமல் பேசுகிறீர்களே, வரத் தயாராக நிற்கிறவளுக்கு முதலில் அந்தப் பூட்டைத் திறந்துவிடுங்கள். வார்டு கவுன்சிலரிடம் கொடுக்க மனு எழுதியாயிற்று. சாட்ஸ்வொர்த்தில் பிள்ளை வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் கையெழுத்துக்கு வருகிறேன். புத்தி சொன்ன வீடுகளுக்குத்தான் முதலில்.