பக்கத்து சீட்டிலிருந்து "போ" சொல்லாதீர்கள்

மகள் லர்னர்ஸ் (பழகுநர் உரிமம்) எடுத்துவிட்டாள். வாரக்கடைசிகளில், தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலம் பக்கம் கூட்டிப்போய்ப் பழக்குகிறேன். கியரும் பார்க்கிங்கும் தானாக வந்துவிடும். கரும்புத் தோட்டத்துப் பாதையிலிருந்து ஆர்102 என்ற பெரிய ரோட்டில் ஏறும் அந்த ஸ்டாப் பலகை உள்ள சந்திதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஊருக்குள் நாலு பக்கமும் ஸ்டாப் உள்ள சந்திகள் நமக்குப் பழகிப்போய்விட்டன. முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். அதே நினைப்போடு பெரிய ரோட்டுக்கு வரக்கூடாது. அங்கே ஸ்டாப் நமக்கு மட்டும்தான். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 28 மீட்டர் ஓடும். நாம் கிளம்பி வேகம் பிடிப்பதற்குள் 6 நொடி ஆனால்கூட அது 160 மீட்டருக்கு மேல் நெருங்கியிருக்கும். கரும்பு ஆளுயரம் தாண்டி நிற்கும் மாதங்களில் கோட்டில் நின்றால் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது. முழுசாக நின்று, அப்புறம் வண்டியின் மூக்கை மட்டும் மெல்ல நீட்டிப் பார்க்க வேண்டும்.

இடப்பக்கம் திரும்புவதற்கு வலப்பக்கம் பார்த்தால் போதும் என்று நானும் பல வருடம் நம்பியிருந்தேன். ஒரு காவடி நாள், கோவிலிலிருந்து திரும்புகிறோம். வலப்பக்கம் காலி. பக்கத்தில் மாமா, "போப்பா, ஒண்ணுமில்ல" என்றார். கிளட்சை விட்டேன். இடப்பக்கமிருந்து வந்த லாரியை முந்திக்கொண்டு ஒரு வேன், நான் ஏறவேண்டிய பாதையிலேயே, நேராக என்னைப் பார்த்து வந்தது. பிரேக்கில் ஏறி நின்றேன். பின்சீட்டில் பிள்ளைகள். வீடு வரும்வரை மாமா வாய் திறக்கவில்லை. அவர்மேல் தப்பில்லை, முடிவெடுக்க வேண்டியவன் நான்.

வருகிற வண்டி இண்டிகேட்டர் போட்டிருந்தாலும், அது நிஜமாகத் திரும்பத் தொடங்கும்வரை நம்பாதே என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். மாலை நெரிசலில் வலப்பக்கம் திரும்பவே வேண்டாம். இடப்பக்கம் ஏறி, அடுத்த சர்க்கிளில் சுற்றி வந்தால் சில நிமிடம்தான் கூடும். என்2 நெடுஞ்சாலையில் ஏறும் ராம்ப் (இணைப்புச் சாலை) வேறு கதை. அங்கே ராம்பிலேயே வேகம் பிடித்து, இடைவெளி பார்த்துச் சேர வேண்டும்.

போன ஞாயிறு பின்னால் ஒருவர் விடாமல் ஹார்ன் அடித்தார். மகள் பதறிப்போய் என் முகத்தைப் பார்த்தாள். "ரோட்டைப் பாரும்மா, அவர் அடிக்கட்டும்" என்றேன். இன்னும் மூன்று வண்டிகள் போயின. அவளே இரண்டு பக்கமும் பார்த்து, அவளே முடிவு செய்து ஏறினாள். நான் "போ" சொல்லவில்லை.