இரவு 11 மணிக்கும் எரிந்த பச்சைப் புள்ளி

ஆபீஸ் டென்ஷனைப் பற்றி யாரிடமாவது வாய் திறந்தால் வரும் பதில்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மூச்சுப் பயிற்சி செய், காலையில் நட, போனைத் தள்ளி வை, எதையும் மனசில் போட்டுக்கொள்ளாதே. இதில் எதுவும் தப்பில்லை. நானும் நடக்கிறேன், நடக்க ஆரம்பித்த பிறகு தூக்கம் கொஞ்சம் திரும்பி வந்தது. ஆனால் குறை உன்னிடம்தான், நீ உன்னைச் சரிசெய்துகொண்டால் போதும் என்றுதான் இந்த அறிவுரைகள் எல்லாமே சொல்லாமல் சொல்கின்றன. பல வருஷம் அதை நம்பினேன், இப்போது நம்புவதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் எங்கள் டீமில் எட்டுப் பேர். வருஷாவருஷம் வேலையை மதிப்பிடும் அப்ரைசலில் மேல் ரேட்டிங் ஒருவருக்குத்தான், கீழ் ரேட்டிங் ஒருவருக்குக் கட்டாயம், மிச்சம் பேர் நடுவில். எட்டுப் பேரும் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாலும் ஒருவர் கீழே போய்த்தான் ஆகவேண்டும். பெல் கர்வ் என்பார்கள். அமெரிக்க நிறுவனமான ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் தலைமையில் இருந்தபோது ஊழியர்களை மேலே 20, நடுவில் 70, கீழே 10 சதவீதம் என்று பிரித்துக் கடைசிப் பத்தை வெளியே அனுப்பும் முறை பிரபலமானது, அதைப் பார்த்துப் பலரும் பின்பற்றினார்கள். இதே மாதிரி வரிசைப்படுத்திக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் அதைக் கைவிட்டது. எங்கள் இடத்தில் அதற்கப்புறமும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பக்கத்து சீட்காரரும் நானும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். மேல் ரேட்டிங் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் என்று பேச்சு கிளம்பியது. அன்றோடு என் கவனம் என் வேலையை விட்டு அவர் மேல் போய்விட்டது. இரவு 11 மணிக்கு லேப்டாப்பை மூடப் போவேன், சாட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரியும், அவர் இன்னும் ஆன்லைனில் இருக்கிறார் என்று அர்த்தம். சரி, இன்னும் அரை மணி நேரம் என்று உட்காருவேன். செய்ய ஒன்றும் இருக்காது, பழைய மெயில்களைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருப்பேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துபோகும் விஷயத்தை, கேட்டால் இறங்கிப்போனதாகிவிடும் என்று நினைத்து இரண்டு நாள் தனியாக முட்டி மோதியிருக்கிறேன். ஞாயிறு மத்தியானமே திங்கட்கிழமை நினைப்பு வந்து வயிற்றைப் பிசையும். வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுவேன். ஆறு மாதம் இப்படிப் போனது.

கடைசியில் மேல் ரேட்டிங் அவருக்குக் கிடைத்தது, எனக்கு நடுவில். வலித்தது. ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர்தான் வந்து, வாங்க கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, "உங்க பச்சைப் புள்ளி அணையற வரைக்கும் நானும் உட்கார்ந்துட்டுத்தான் இருப்பேன்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. வீட்டில் அவருக்குக் கைக்குழந்தை. யாரும் கேட்காத, யாருக்கும் பிரயோஜனமில்லாத எத்தனை இரவுகள்!

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். என்னை அப்படியே நிறுத்திய ஒன்று உண்டு. பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தான் டென்ஷன் அதிகம், அவர்களுக்குத்தான் மாரடைப்பு வரும் என்று நாம் நினைக்கிறோம் இல்லையா? பிரிட்டனில் அரசு அலுவலர்களை 1967 முதல் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள், வைட்ஹால் ஆய்வு என்று பெயர். கீழ்மட்ட வேலையில் இருந்த ஆண்களின் இறப்பு விகிதம் மேல்மட்டத்தில் இருந்தவர்களைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைபிடித்தல், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி முழுசாக மறையவில்லை. 1985இல் பத்தாயிரத்துச் சொச்சம் ஆண், பெண் அலுவலர்களை வைத்து மைக்கேல் மார்மட் என்ற ஆய்வாளரின் குழு அடுத்த ஆய்வைத் தொடங்கியது. தன் வேலையை எப்படி, எந்த வரிசையில் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகமாக வருவது அதில் தெரிந்தது. ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979இலேயே இதைத்தான் சொன்னார்: வேலைப்பளு கூடுதலாகவும், அதன் மேல் நம் கைப்பிடி குறைவாகவும் இருக்கும் இடம்தான் ஆளைத் தின்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஆர்வத்தோடு நாமே எடுத்துச் செய்யும் வேலையில் விடிய விடிய உட்கார்ந்தாலும் களைப்பு மட்டும்தான் வருகிறது. யாரோ மாலை ஆறு மணிக்கு "அர்ஜென்ட்" என்று தூக்கிப் போட்டதை இரண்டு மணி நேரம் செய்தால் நெஞ்சு அடைக்கிறது.

பிரஷர் இருந்தால்தான் வேலை நடக்கும் என்று சொல்லும் மேனேஜர்கள், அழுத்தம் ஓரளவு வரை கூடினால் வேலையும் நன்றாக நடக்கும் என்று ஒரு வளைகோட்டைக் காட்டுவார்கள். அதன் மூலம் 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளை வைத்துச் செய்த சோதனை. தப்பான பெட்டிக்குள் போனால் மின்சார அதிர்ச்சி. சுலபமான வேலையைக் கற்றுக்கொள்ள அதிர்ச்சி கூடக்கூட உதவியது. கஷ்டமான வேலையிலோ அதிர்ச்சி பலமானபோது எலிகள் தடுமாறின. நம்மில் பலர் செய்வது யோசித்துச் செய்ய வேண்டிய கஷ்டமான வேலை. அந்தக் கோட்டைக் காட்டுபவர்கள் இந்தப் பாதியையும் சொல்ல வேண்டும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. புதிதாக அவசர வேலை வந்தால், "கையில் ஏற்கெனவே இந்த இரண்டு இருக்கிறது, எதைத் தள்ளி வைக்கட்டும்?" என்று மெயிலிலேயே கேட்பேன். முதல் தடவை கை நடுங்கியது. ஆனால் பதில் வந்தது, ஒரு வேலை உண்மையிலேயே தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி அந்த வாரம் முடித்ததையெல்லாம் எழுதி வைப்பேன், அப்ரைசல் சமயத்தில் மற்றவர்களோடு ஒப்பிட்டுப் புழுங்காமல் என் வேலையைப் பற்றிப் பேச அது கையில் இருக்கும். பக்கத்து சீட்காரரும் நானும் எட்டு மணிக்கு ஆஃப்லைன் போவது என்று பேசிவைத்துக்கொண்டோம். யாருக்கு என்ன தெரியாதோ அதை மற்றவரிடம் கேட்டுக்கொண்டோம். அடுத்த வருஷமும் ரேட்டிங் விஷயத்தில் போட்டி இருந்தது, இல்லாமல் போகவில்லை. என்னவோ, தூக்கம் மட்டும் கெடவில்லை.

எல்லோருக்கும் இது நடக்காது, தெரியும். கேள்வி கேட்டாலே வேலை போய்விடும் என்ற நிலைமையில் இருப்பவர்களிடம் போய் மெயில் போடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்குச் சொன்னார்கள். நாள்பட்ட சோர்வு, வேலை மேல் கசப்பு, நம்மால் ஒன்றுமே ஆகாது என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அதற்கு பர்ன்அவுட் என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் அதைச் சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் வகைப்படுத்தியிருக்கிறது. சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். தூக்கம் வாரக்கணக்கில் போய்விட்டால், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

பக்கத்து சீட்காரர் இப்போது வேறு இடத்தில் ஒரு டீமை நடத்துகிறார். இரவில் மெயில் எழுதினாலும் அது காலை ஒன்பது மணிக்குப் போகிற மாதிரி வைத்துவிடுவாராம். டீமில் யாருடைய பச்சைப் புள்ளியாவது ராத்திரியில் எரிந்தால், மறுநாள் தனியாகக் கூப்பிட்டு, "வேலை அதிகமா இருக்கா, இல்ல யாரையாவது பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்களா?" என்று கேட்கிறாராம்.