லிட்டரலி மேல் ஏன் இத்தனை கோபம்?

"சிரிச்சு சிரிச்சு லிட்டரலி செத்துட்டேன்" என்று காலேஜ் பிள்ளை ஒன்று சொல்லிவிட்டால் போதும், பக்கத்தில் இருக்கும் பெரியவர் யாராவது இங்கிலீஷ் பாடம் எடுக்கத் தொடங்கிவிடுகிறார். பிள்ளைகளை இப்படித் திருத்துவதை நாம் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

லிட்டரலி என்றால் எழுத்துக்கு எழுத்து, சொன்னது சொன்னபடி என்று பொருள். லத்தீனில் லிட்டெரா என்றால் எழுத்து. அதுவரை சரி. ஆனால் அழுத்தம் கொடுப்பதற்காக அதைப் போடுவது இந்தக் காலத்துப் பிள்ளைகள் செய்த கெடுதல் என்கிறார்களே, அது சரியில்லை. பிரான்சிஸ் புரூக் என்ற ஆங்கில நாவலாசிரியை 1769-லேயே அப்படி எழுதியிருக்கிறார்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்னின் டாம் சாயர் நாவலை (1876) எடுத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு வெள்ளையடிக்கும் வேலையை மற்ற பையன்கள் தலையில் கட்டிவிட்டு, அவர்களிடமே கூலியும் வாங்கிக்கொள்கிறான் டாம். ஒரு பட்டம், கோலிக்குண்டுகள், அப்புறம் ஒரு செத்த எலி, அதைக் கட்டிச் சுழற்ற ஒரு கயிறு. காலையில் பரம ஏழையாக இருந்தவன் பிற்பகலில் 'லிட்டரலி' செல்வத்தில் புரண்டான் என்று எழுதுகிறார் ட்வெய்ன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்தால் வாக்கியம் சப்பென்று ஆகிவிடுகிறது. அந்த வயதுப் பையனுக்குச் செத்த எலியும் சொத்துதான் என்று நம்மை நம்ப வைப்பதே அதுதான்.

மெரியம் வெப்ஸ்டர் அகராதி, அழுத்தத்துக்காகப் போடும் இந்தப் பொருளை 1909-லேயே ஏற்றிவிட்டது. ஆக்ஸ்போர்டு 2011-ல் சேர்த்தது. 2013-ல் அது பலர் கண்ணில் பட்டு, ஆங்கிலமே அழிந்துவிட்டதாகக் கூச்சல் போட்டார்கள். அவர்களே நாள் முழுக்கச் சொல்லும் 'வெரி' என்பதும் ஒரு காலத்தில் 'உண்மையான' என்று பொருள்பட்ட சொல்தான், பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. 'ரியலி'யும் இதே வழியில் போனதுதான். நாமும் "நிஜமாவே உயிர் போயிடுச்சுப்பா" என்கிறோம், கேட்பவர் யாரும் பதறுவதில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நானும் கண்டிப்புதான். "மக்கள் பட்டினியால் லிட்டரலி சாகிறார்கள்" என்று செய்தியில் வந்தால், உயிர் போகிறதா, கொடும் பசியா என்று படிப்பவருக்குத் தெரியாது. பேச்சில் என்றால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், அச்சில் அந்த வசதி கிடையாது. அங்கே அந்தச் சொல்லை அடித்துவிட்டு, இறந்தவர்கள் எத்தனை பேர், எந்த ஊர் என்று விசாரித்து எழுத வேண்டும்.