பின்னி முடித்தால் ஸ்வெட்டர் ஆகிவிடாது

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு துணிப்பை இருக்கிறது. உள்ளே ஒரு முதுகு, ஒரு மார்பு, ஒரே ஒரு கை. பின்னல் ஊசி பிடித்த யார் வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கும். இல்லை என்பவர்களை நான் நம்புவதில்லை.

"சென்னை வெயிலில் ஸ்வெட்டரா?" என்று கேட்காதீர்கள். பேத்தி எடின்பரோவில் இருக்கிறாள்.

பின்னலுக்குப் பொறுமை வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுவில் பொறுமையே தேவையில்லை. தொலைக்காட்சியைப் பார்த்தபடியே கை தானாக ஓடும். தொடக்கத்திலும் கடைசியிலும்தான் பொறுமை வேண்டும். அங்கேதான் நாம் பறக்கிறோம்.

தொடக்கம் என்றால் மாதிரித் துண்டு, அதாவது அளவு பார்க்க முதலில் பின்னும் சின்னத் துண்டு. அதைப் பின்னச் சோம்பல்பட்டு நான் கெடுத்தவை ஏராளம். 10 செ.மீ.க்கு 22 கண்ணி, அதாவது ஊசியில் 22 நூல் வளையம் என்று குறிப்பு சொல்கிறது, 60 செ.மீ. சுற்றளவுக்கு 132 கண்ணி ஏற்றுகிறோம். நம் கை கொஞ்சம் தளர்ந்து 20 கண்ணிதான் வருகிறது என்றால் அதே 132 கண்ணி 66 செ.மீ. ஆகிவிடும். ஊசி எண்ணிலும் வம்பு உண்டு. அம்மா வைத்திருந்த பழைய பிரிட்டிஷ் கணக்கு 8ஆம் எண் ஊசி 4 மி.மீ. அமெரிக்கக் குறிப்பில் வரும் 8 என்பது 5 மி.மீ. எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைப் பாருங்கள்.

ஒரு கையைப் பின்னியதோடு சலித்துப் பைக்குள் போடும் ஒற்றைக் கை நோய்க்கு மருந்து ஒன்றுதான். இரண்டு உருண்டை நூலை வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் ஒரே ஊசியில் பக்கம் பக்கமாகப் பின்னிவிட வேண்டும். நீளமும் பிசகாது.

இனி என் அவமானக் கதை. போன வருடம் அனுப்பிய ஸ்வெட்டரை மகள் வீடியோ அழைப்பில் பேத்திக்குப் போட்டுக் காட்டினாள். கழுத்து நெற்றியிலேயே நின்றுவிட்டது. குழந்தை வீறிட்டு அழுகிறது, மகளோ "அழகாக இருக்கிறது அம்மா, தலைதான் போகவில்லை" என்கிறாள். கடைசி வரிசைக் கண்ணிகளை இறுக்கி மூடியிருந்தேன். அவர்கள் விடுமுறைக்கு வந்தபோது அந்த ஒரு வரிசையை மட்டும் பிரித்து, இரண்டு அளவு தடித்த ஊசியால் தளர்வாக மூடினேன். அரை மணி நேர வேலை. அதற்குள் குழந்தை வளர்ந்து, கை முழங்கைக்கு ஏறிவிட்டது!

அன்றிலிருந்து துண்டுகளை இணைப்பதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குகிறேன். அதுவும் பகல் வெளிச்சத்தில். நல்ல பக்கம் மேலே இருக்க, ஓரத்திலிருந்து ஒரு கண்ணி உள்ளே தள்ளி, கண்ணிகளுக்கு இடையே ஓடும் சின்னக் குறுக்கு நூலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எனக் கோத்து இழுத்தால் தையல் கண்ணுக்கே தெரியாது. நூல் வால்களை முடிச்சுப் போட்டு வெட்டுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. அக்ரிலிக் நூலில் சூடான இஸ்திரிப்பெட்டியை வைக்காதீர்கள். நசுங்கிய பின்னல் மீண்டும் எழாது.

இப்போது முடித்திருப்பது அசல் கம்பளி. இருபது நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, அளவு நாடாவை வைத்துக் கட்டிலில் விரித்து ஊசி குத்தியிருக்கிறேன். மின்விசிறி ஓடுகிறது. இன்றிரவு என் கணவருக்குக் கூடத்தில்தான் படுக்கை.