பார்க்காமலே சிரித்தவர்களுக்கு

மியான்மரின் யாங்கோனில், உருவங்களை அப்படியே காட்டாத அந்த அரூப ஓவிய, புகைப்படக் கண்காட்சியின் திறப்பு விழாவில் நடந்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. காணொளி எல்லோர் கைப்பேசியிலும் இருக்கிறது. இங்குள்ள நம் தமிழ்ச் சமூகத்தின் பெரியவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "சுவர்ப் பாசியைப் படமெடுத்து மாட்டியிருக்கிறார்கள், என் பேரன் இதைவிட நன்றாகக் கிறுக்குவான்" என்றார். கூட்டம் சிரித்தது. படத்தை எடுத்த நம் சமூகத்துத் தங்கை அதே கூடத்தில் தூணோரமாக நின்றிருந்தாள். புரியவில்லை என்று சொல்லுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் பார்க்காமலே சிரிக்காதீர்கள்.

அந்தப் படத்தின் முன் நான் கால் மணி நேரம் நின்றேன். முதலில் எனக்கும் பச்சையும் கருமையும் கலந்த ஈரக் கறைதான் தெரிந்தது. பிறகே கறைக்கு நடுவில் நான்கு வெளிறிய கட்டங்களும், ஒவ்வொன்றின் மேலும் ஒரு துருப்பிடித்த ஆணியும் கண்ணில் பட்டன. சட்டமிட்ட படங்கள் பல காலம் தொங்கி, யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்ட சுவர் அது. நம் குடும்பங்களில் எத்தனை பேர் அப்படிக் கழற்றிக்கொண்டு கப்பலேறினார்கள் என்பது பெரியவருக்குத் தெரியாததா?

என் அப்பா அப்போது, ரங்கூன் என்று அழைக்கப்பட்ட இதே யாங்கோனில், ஒரு புகைப்பட ஸ்டுடியோவில் உதவியாளர். 1964இல் கடைகள் அரசுடைமையானபின் ஊர் திரும்பப் புறப்பட்டவர்கள், போகுமுன் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் அந்தப் படங்களை வாங்க வரவே இல்லை. அந்த நெகடிவ்களை அப்பா ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். மழைக்கால ஈரத்தில் பூஞ்சை ஏறி, ஒன்றில் கொடி கொடியாகப் படர்ந்த கறையும் ஓரத்தில் ஒரு குழந்தையின் செருப்புக் காலும் மட்டுமே மிஞ்சியிருந்தன. "ஒன்றும் தெரியவில்லையே, எறிந்துவிடலாமே" என்றேன். அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "ஐந்து பேர் இருக்கிறார்கள்" என்று விரல் வைத்து எண்ணிக் காட்டினார்.

சாதாரண மக்களுக்குப் புரியாதே என்பீர்கள். என் அப்பா ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். விலை அதிகம் என்பவர்கள் வாங்க வேண்டாம், பார்க்கக் கட்டணம் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் கோயிலையும் தேரையும் வரைந்திருக்கலாமே என்ற பேச்சுதான் என்னை மிகவும் நோகடிக்கிறது. காந்தியைக் கோடுகளில் வரைந்து புகழ் பெற்ற தமிழ்நாட்டு ஓவியர் ஆதிமூலம், பின்னர் உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளுக்குப் போனார். அவர் தமிழர் இல்லையென்று ஆகிவிட்டாரா? கண்காட்சியின் ஓவியங்களில் இரண்டு மூன்று எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அவற்றை நின்று பார்த்தபின்தான் அதைச் சொல்கிறேன்.

1951இல் இந்தியாவில் தாகூர் நிறுவிய சாந்திநிகேதன் சென்று படித்துவந்த பர்மிய ஓவியர் பஜி அவுங் சோவின் ஓவியங்களையே இந்த நாட்டில் பைத்தியக்கார ஓவியம் என்றார்கள். ராணுவ ஆட்சிக் காலத்தில் கண்காட்சி திறப்பதற்கு முன் தணிக்கை அதிகாரிகள் வருவார்கள். சிவப்பும் கறுப்பும் கூடுதலாக இருந்தாலே சந்தேகம். இதற்கு என்ன அர்த்தம் என்று அதட்டிக் கேட்பார்கள். அவர்கள் அந்நியர், அதிகாரம் படைத்தவர்கள், அவர்களிடம் வேறெதையும் நாம் எதிர்பார்க்கவில்லை. நம் வீட்டுப் பெண் முதன்முதலாகத் தன் படத்தை மாட்டிய நாளில் அதே அதட்டல் நம் மொழியில், நம் பெரியவர் வாயிலிருந்து வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெரியவரை அவமதிக்கிறேன் என்று சிலர் எழுதுவார்கள். அவர் மடியில் வளர்ந்தவன் நான். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். அவமானப்பட்டவள் அவளல்லவா? அவளிடம் ஒருவராவது போய் ஒரு வார்த்தை பேசினீர்களா?

ஐயா, கண்காட்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. நானே வந்து அழைத்துப் போகிறேன், படத்தின் முன் நாற்காலி போட்டுத் தருகிறேன். பாராட்ட வேண்டாம், பேசவும் வேண்டாம். அந்த ஆணிகளை மட்டும் எண்ணிப் பாருங்கள்.