அறுந்த பெல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

மாற்றியமைத்த இன்ஜினில் வாட்டர் பம்ப், மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் போன்றவற்றைச் சுற்றும் பெல்ட் (உள்பக்கம் நீளவாக்கில் வரிவரியாக இருக்குமே, அது) அறுந்தால் எல்லாரும் முதலில் செய்வது புது பெல்ட் வாங்கி மாட்டுவது. அதுவும் அறுந்தால் இன்னும் விலை கூடிய பெல்ட். அதுவும் போனால் இன்னும் இறுக்கிப் பார்ப்பது. அப்போது பெல்ட் பிழைத்துக்கொள்ளும், வாட்டர் பம்ப் பேரிங்கோ ஆல்டர்நேட்டர் பேரிங்கோ போய்ச் சேரும். கம்பெனி இன்ஜினில் வருஷக்கணக்கில் ஓடிய அதே வகை பெல்ட், நீங்கள் கை வைத்த பிறகு மாதம் ஒன்று அறுகிறது என்றால் குற்றவாளி பெல்ட் இல்லை. கடைசியாக எதை மாற்றினீர்களோ, அங்கிருந்து தேடுங்கள்.

அதற்கு முதல் சாட்சி அறுந்த பெல்ட்தான். கிடைத்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி வைத்துப் பாருங்கள். ஓரம் பிய்ந்து நூல் தொங்குகிறதா, ஒரு பக்க வரி மட்டும் உரிந்திருக்கிறதா? ஏதோ ஒரு புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) மற்றவற்றோடு நேர்கோட்டில் இல்லை. வரிகள் கண்ணாடி மாதிரி பளபளவென்று இறுகிப் போயிருந்தால் வழுக்கி வழுக்கிச் சூடேறியிருக்கிறது. ரப்பர் உருகி ஒரே இடத்தில் தேய்ந்திருந்தால் ஒரு புல்லி ஜாம் ஆகி நின்றிருக்கிறது. உப்பிப் பிசுபிசுத்தால் ஆயில் அல்லது கூலன்ட் கசிவு. கத்தியால் வெட்டியதுபோல் குறுக்கே நேராக அறுந்திருந்தால் ஒரு பெரிய அதிர்ச்சி விழுந்திருக்கிறது, அல்லது மாட்டும்போதே ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உள் நூலை முறித்திருக்கிறீர்கள்.

"விரிசலே இல்லையே, நல்ல பெல்ட்தானே" என்று சொல்லாதீர்கள். பழைய நியோப்ரீன் பெல்ட்தான் வெடித்துக் காட்டிக்கொடுக்கும். இப்போது வருவதெல்லாம் இ.பி.டி.எம். ரப்பர். அது விரிசல் விடாமல் டயர் மாதிரி தேயும். வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் அகலமாகி, பெல்ட் புல்லியின் காடிக்குள் (வரி உட்காரும் பள்ளம்) ஆழமாக இறங்கி, பிடிப்பை இழக்கும்.

புது பெல்ட்டை எடுப்பதற்கு முன், பெல்ட் இல்லாத நிலையில் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றுங்கள். கரகரப்பு, ஆட்டம், இறுக்கம் எது இருந்தாலும் அந்த பேரிங் முடிந்தது. பெல்ட்டை விறைப்பாகப் பிடித்து வைக்கும் டென்ஷனரின் கையை ஸ்பேனர் போட்டு முழுத் தூரமும் நகர்த்திப் பாருங்கள், நடுவில் சிக்கக் கூடாது. கிராங்க் புல்லியின் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்கில் உள்ள புல்லி) பின்பக்கத்தையும் பாருங்கள். அறுந்த நூல் அங்கே சுற்றிக்கொண்டு ஆயில் சீலைக் கிழிப்பதுண்டு. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் அந்த நூல் கவருக்குள் புகுந்தால் வால்வு வரை சேதம் போகும்.

அடுத்தது நேர்கோடு. பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும். இந்த வகை பெல்ட்டில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி 3.56 மி.மீ. தான். பிராக்கெட்டுக்குப் பின்னால் "சும்மா ஒண்ணு" என்று போட்ட 2 மி.மீ. வாஷர் அதில் பாதிக்கு மேல் தின்றுவிடுகிறது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே 300 மி.மீ. தூரம் இருந்தால் 1.5 மி.மீ. விலகலே எல்லை. நேரான ஸ்டீல் ஸ்கேலைக் கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து மற்றவற்றை அளங்கள். புல்லிகளின் விளிம்புத் தடிமன் வேறுபடும், ஆகவே காடியிலிருந்து காடிக்கு அளப்பதே சரி. பெல்ட்டை மாட்டி இழுவை ஏறிய பிறகு இன்னொரு முறை அளங்கள். ஒற்றை போல்ட்டில் தொங்கும் மெல்லிய தகட்டு பிராக்கெட் அப்போதுதான் வளைந்து காட்டும். ஆல்டர்நேட்டரைப் பாடியில் பொருத்தியிருந்தால் அளக்கவே வேண்டாம். இன்ஜின் மவுண்ட் மேல் ஆடும், பாடி ஆடாது. அந்த பெல்ட் எத்தனை நாள் தாங்கும்?

சூப்பர்சார்ஜர் (பெல்ட்டால் ஓடி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போட்டவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். கிராங்க் புல்லியின் விட்டம் 150 மி.மீ., இன்ஜின் நிமிஷத்துக்கு 6500 சுற்று என்றால் பெல்ட் வினாடிக்கு சுமார் 51 மீட்டர் ஓடுகிறது. சார்ஜர் 37 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 50 குதிரைத்திறன் கேட்டால், பெல்ட்டின் இழுக்கும் பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் 725 நியூட்டன் வித்தியாசம் இருந்தாக வேண்டும். பூஸ்ட், அதாவது சார்ஜர் தரும் காற்றழுத்தம், போதவில்லை என்று சார்ஜர் புல்லியை 75-லிருந்து 65 மி.மீ. ஆக்கினால் அதன் வேகம் 13,000-லிருந்து 15,000 ஆகிறது, கேட்கும் சக்தியும் ஏறுகிறது. ஆனால் அரைச் சுற்றுப் பிடிப்பில் பெல்ட் தொடும் நீளம் 118 மி.மீ.யிலிருந்து 102 ஆகக் குறைகிறது. வேலை கூடி, பிடிப்பு குறைந்தால் வழுக்காமல் என்ன செய்யும்? உச்ச வேகத்தில் பூஸ்ட் ஏறிக்கொண்டே போகாமல் சரிந்து, புல்லிகளைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்தால் வேறு அத்தாட்சி வேண்டாம். ஒரு ஐட்லரை (பெல்ட்டின் பாதையைத் திருப்ப மட்டும் சுற்றும் புல்லி) சேர்த்து சார்ஜர் புல்லியை பெல்ட் இன்னும் அதிகம் சுற்றிப் பிடிக்கும்படி செய்யுங்கள். போதாவிட்டால் 6 வரியை 8 வரியாக்குங்கள், காடிப் புல்லிகள் எல்லாவற்றையும் சேர்த்து. இறுக்குவது கடைசி வழி.

பலரும் கவனிக்காதது கிராங்க் புல்லி. அதற்குள் இருக்கும் ரப்பர் வளையம் கிராங்கின் முறுக்கு அதிர்வை விழுங்கத்தான் இருக்கிறது. எடை குறைக்கிறேன் என்று அதைக் கழற்றிவிட்டு வெறும் அலுமினியப் புல்லி போடுவது, என்னைக் கேட்டால், காசு கொடுத்து வாங்கும் வம்பு. கூடவே லேசான ஃப்ளைவீல், ஐட்லிங்கில் இன்ஜினைக் குதிக்கவைக்கும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) என்றால் அந்த உதறல் எல்லாம் பெல்ட்டுக்கு வரும். ஒரிஜினல் புல்லியே இருந்தாலும் நடு மையத்திலிருந்து வெளி வளையம் வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டு, சில நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர் விட்டுவிட்டது.

இன்ஜின் வேகம் எல்லை தாண்டாமல் வெட்டும் ரெவ் லிமிட்டரில் அடிக்கடி போய் முட்டுபவர்களுக்குத் தனிப் பிரச்சினை. கிராங்க் சட்டென்று வேகம் குறையும். அதைவிட இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்றும் கனமான ஆல்டர்நேட்டர் ரோட்டர் குறையாது. ஒரு கணம் அது கிராங்கை இழுக்கும், தளர்ந்த பக்கம் விறைக்கும், டென்ஷனர் கை போய் ஸ்டாப்பரில் மோதும். ஒருவழியாக மட்டும் பிடிக்கும் ஆல்டர்நேட்டர் புல்லி இதற்காகவே வந்தது. அதை எடுத்துவிட்டு சாதாரணப் புல்லி போட்டிருந்தால் திரும்பப் போடுங்கள். டென்ஷனர் எப்போதும் கிராங்கை விட்டு பெல்ட் வெளியேறும் பக்கத்தில் இருக்க வேண்டும், அதுதான் தளர்ந்த பக்கம்.

நீளத்தைப் பழைய நம்பரைப் பார்த்து வாங்காதீர்கள். 6 பி.கே. 1200 என்றால் 6 வரி, 1200 மி.மீ. அரைச் சுற்றுப் பிடிப்புள்ள ஒரு புல்லியை 10 மி.மீ. சிறிதாக்கினால் ஏறக்குறைய 16 மி.மீ. குறைந்த நீளம் வேண்டும். மாட்டிய பிறகு டென்ஷனரின் முள் இரண்டு குறிகளுக்கு நடுவே நிற்க வேண்டும்.

ஓடவிட்டபின் கீச்சொலி வந்தால் பெல்ட் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அது தூசியைத்தான் ஒட்டவைக்கும். ஐட்லிங்கில், கையையும் துணியையும் தள்ளி வைத்துக்கொண்டு, வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அடங்கி மீண்டும் வந்தால் நேர்கோட்டுப் பிரச்சினை, ஸ்கேலை மறுபடி எடுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. நீளம், டென்ஷனர், சுற்றுப் பிடிப்பு மூன்றையும் அதே வரிசையில் பாருங்கள்.