மூன்றாம் நாள் இரவுக்கான ஆயத்தம்

பேறுகாலத்துக்காகக் குமரி மாவட்டத்துத் தக்கலையிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் தங்கைக்கு இது ஒன்பதாவது மாதம். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவள் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துண்டுகள், பிளாஸ்க், ஸ்கேன் அறிக்கைகள், குழந்தைக்குப் பருத்திச் சட்டைகள் என்று ஒன்றும் விடுபடவில்லை. அவளிடமும் அவள் கணவரிடமும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் இரவு, அது விடாமல் அழும்போது, பக்கத்தில் நிற்பவர்கள் “பால் போதவில்லை” என்று சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? இருவரிடமும் பதில் இல்லை. இந்தப் பதிவை எழுதுவதற்கு அதுவே காரணம்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் என் முதல் குழந்தை ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை மூலம் பிறந்தது. குழந்தை என் கைக்கு வருவதற்கே பல மணிநேரம் ஆயிற்று. அதற்குள் என்னைக் கேட்காமலேயே பால்பொடி கரைத்துக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் நாள் இரவு அழுகை நிற்கவே இல்லை. என் மேல் உயிரையே வைத்திருக்கும் என் அம்மாதான் சொன்னார்: “பிள்ளைக்குப் பாலு தெகையல்ல மக்களே, ஒரு டப்பா வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?” அந்த ஒரு வார்த்தையில் நான் உடைந்துபோனேன். என் உடம்பில் ஏதோ குறை என்று நம்பினேன். டப்பா வந்தது. குழந்தை என்னிடம் குடிப்பது குறைந்தது, குடிப்பது குறையவே சுரப்பதும் குறைந்தது. அதிலிருந்து மீண்டு வர மூன்று வாரங்கள் பிடித்தன.

அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டியது மிக எளிய விஷயம். முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரப்பது சீம்பால். அது மஞ்சள் நிறத்தில், கெட்டியாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிறந்த அன்று ஒரு வேளைக்குக் குழந்தைக்குத் தேவைப்படுவதும் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவுதான். பால் பெருகி வருவது பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டித்தான். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இன்னும் சற்றுத் தாமதமாகலாம். அந்த இடைவெளியில் குழந்தை அடிக்கடி மார்பைத் தேடுவது, எவ்வளவு பால் வேண்டும் என்பதைத் தாயின் உடம்புக்குத் தெரிவிக்கும் வழி. ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிப்பது இயல்பு. சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும் என்பதால், தாய் தூங்கட்டும் என்று இரவு வேளையில் புட்டியை நீட்டுவது, அன்பினால் செய்தாலும், பாலைக் குறைக்கவே உதவும்.

இரண்டாவது பிரசவம் ஓர் அரசு மருத்துவமனையில். செவிலியர் ஒருவர் கையைக் கழுவிவிட்டு என் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழந்தையின் தலையை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்திருந்த நான் அதுவரை அதைத் தவறென்றே அறிந்திருக்கவில்லை. அவர் குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி முழு உடம்பையும் திருப்பினார். அது வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்தார். காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றிய கருவளையமும் பெரும்பாலும் வாய்க்குள் போகும்படி அணைத்தார். கீழுதடு வெளியே மடிந்திருக்க, தாடை மார்பில் பதிந்தது. சில நிமிடங்களில் குழந்தை விழுங்கும் சத்தம் கேட்டது. பத்து நிமிட வேலை. முதல் பிரசவத்தில் அந்தப் பத்து நிமிடத்தை எனக்காக யாரும் ஒதுக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

நம் ஊர்ப் பேறுகாலப் பண்டுவங்களை நான் ஒட்டுமொத்தமாகத் தள்ளவில்லை. தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த எண்ணெயைத் தடவி, கமுகம்பாளையில் கிடத்திக் குளிப்பாட்டும்போது குழந்தை கையைக் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும் அழகை நானே அனுபவித்திருக்கிறேன். உளுந்தங்களியும், கருப்பட்டியும், 28ஆம் நாளில் குழந்தையின் இடுப்பில் கயிறு கட்டும் 28 கெட்டும் இருக்கட்டும். ஆனால் பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை என்று தேனைத் தொட்டு வைப்பதையும், சீனித் தண்ணீர் கொடுப்பதையும், வயம்பு (வசம்பு) உரைத்து ஊட்டுவதையும் விட்டுவிட வேண்டும். ஒரு வயது நிறையும் முன் தேன் கொடுத்தால், அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிரி குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயை உண்டாக்கும் ஆபத்து இருக்கிறது. முதல் ஆறு மாதம், மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்தைத் தவிர, தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம். தண்ணீர் வேண்டியது தாய்க்கு. வயிறு போட்டுவிடும் என்று சொல்லி, பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கத்தைப் போலக் கொடியது வேறில்லை என்றே நினைக்கிறேன்.

பால்பொடிக்கு விளம்பரம் செய்வதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 2015இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பேருந்து நிலையத்தில் கிடைத்த அந்த மறைவு நம் வீடுகளில் பல பெண்களுக்குக் கிடைப்பதில்லை. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வரிசையாக வரும் உறவினர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, குழந்தைக்குப் பசித்தாலும் தாய் கூச்சத்தில் காத்திருக்கிறாள். முதல் இரண்டு வாரம் பார்க்க வருவோரை வாசலிலேயே அமர்த்தி, தேநீர் கொடுத்து அனுப்பும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்க வேண்டும்.

பால் உண்மையிலேயே போதுகிறதா என்று அறிய அழுகையைப் பார்க்க வேண்டாம், துணியைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறைக்குமேல் சிறுநீர் கழித்தால் பெரும்பாலும் போதுகிறது. பிறந்த எடை முதல் சில நாட்களில் சற்றுக் குறைந்து, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மீண்டுவிடும். ஆனால் குழந்தை எழுப்பினாலும் பால் குடிக்க எழாவிட்டால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, மஞ்சள் நிறம் உள்ளங்கை உள்ளங்கால்வரை பரவினாலோ, நிமிடத்துக்கு 60 முறைக்குமேல் மூச்சு வாங்கினாலோ, கைமருந்து எதுவும் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தையைப் பரிசோதித்த மருத்துவர் கூடுதல் பால் தேவை என்று சொன்னால் கொடுக்கத்தான் வேண்டும். அதில் எந்தத் தாய்க்கும் இழுக்கில்லை.

அந்த நாட்களில் தாய் காரணமில்லாமல் அழுவாள். கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுவதோடு விட்டுவிடாமல், அவளைத் தூங்க வையுங்கள். இரண்டு வாரம் கடந்தும் அழுகை தீரவில்லை என்றால், அல்லது தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வருவதாக அவள் எப்போது சொன்னாலும், உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

நம் மாவட்டத்தில் கணவன்மார் பலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். தூத்தூர்ப் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. தனியார் வேலையிலுள்ள தந்தையருக்கு விடுப்பு கொடுத்தாக வேண்டும் என்று இந்நாட்டில் சட்டமும் இல்லை. ஆகவே கிடைக்கிற சொற்ப விடுப்பைப் பெரும்பாலோர் பிரசவத் தேதியைக் கணக்கிட்டு முன்கூட்டியே எடுத்து, மருத்துவமனை வராந்தாவில் நின்றே தீர்த்துவிடுகிறார்கள். குழந்தை வீட்டுக்கு வந்தபின் துணி மாற்றவும், ஏப்பம் வரத் தோளில் போட்டுத் தட்டவும், தாயின் கையில் ஒரு செம்பு தண்ணீரைக் கொடுக்கவும்தான் அந்த விடுப்பு அதிகமாகத் தேவைப்படுகிறது. துபாயில் வேலை பார்க்கும் தங்கையின் கணவர் அன்று மாலையே பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தவரை அழைத்து, திரும்பிப் போகும் நாளைப் பன்னிரண்டு நாள் தள்ளி வைத்தார்.

இதையெல்லாம் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா நெடுநேரம் எதுவும் பேசவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த இரவு அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு, “ராத்திரி பிள்ளைய நான் தோளில போட்டுக்கிடுதேன், அவ பாலு மட்டும் குடுத்தா போதும்” என்றார். மறுநாள் காலையில் தன் கட்டிலைத் தங்கையின் அறைக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.